முழங்கைக்குக் கீழே நாலு விரல்

“அப்போ குலுக்கவே கூடாதா, அண்ணி?”

“கூடாது.”

“லேசாக்கூடவா?”

“லேசாக்கூட. உள்ளங்கையில வச்சு மெல்ல உருட்டலாம். குலுக்கினா நுரைக்கும். நுரைச்சா மருந்து செத்துடும்.”

“செத்துட்டா பார்த்தாத் தெரியுமா?”

“தெரியாது. நுரை அடங்கினதும் பழையபடி தண்ணி மாதிரிதான் இருக்கும்.”

அவன் சன்னல் பலகையில் இடது முழங்கையை ஊன்றிக்கொண்டு சிரித்தான். “அப்ப உங்க தங்கச்சிக்கு நேர் எதிர். அவளை நாலு குலுக்குக் குலுக்கினாத்தான் வேலையே நடக்கும்.”

சன்னலுக்கு உள்ளே நின்ற அக்காவும் சிரித்தாள். மருத்துவமனையின் மருந்தறையில் இருபத்திரண்டு வருஷமாக நிற்பவள். சன்னலில் யார் எதைச் சொன்னாலும் அவள் முகம் அதற்கேற்ற ஒரு சிரிப்பைத் தானாகவே எடுத்துக் கொடுத்துவிடும். அவளைவிடப் பத்து வயது மூத்த பெரிய டாக்டர் முதல் தரை துடைப்பவர் வரை எல்லோருக்கும் அவள் ‘அக்கா’தான். உண்மையில் அவள் அக்காவாக இருந்தது ஒரே ஒருத்திக்கு. அந்த ஒருத்தியின் புருஷன்தான் வலது கையைத் தூளியில் தொங்கவிட்டுக்கொண்டு எதிரே நின்றான்.

“மேல போங்க மாப்பிள்ளை. ஊசி பின்னாடியே வருது” என்றாள். வாய் ‘போங்க’ என்றது. மனசு அவனை ஒருநாளும் ‘ங்க’ போட்டு அழைத்ததில்லை.

மாப்பிள்ளை ஒரு பெரிய மரச்சாமான் கடையில் விற்பனை மேலாளர். கைகுலுக்கலுக்குப் பேர் போனவன். கட்டில் வாங்க வந்தவர்கள் அந்தக் குலுக்கலுக்கு மயங்கி அலமாரியும் சேர்த்து வாங்கிப் போவார்கள் என்று அவனே சொல்லிக்கொள்வான். அந்த வலது கையை அக்காவின் தங்கையும் நன்றாக அறிவாள். தங்கை குழந்தைகளுக்கு நீச்சல் சொல்லிக்கொடுத்தவள். கல்யாணமான இரண்டாம் வருஷம் இடது கன்னத்தில் விழுந்த ஓர் அறையில் செவிப்பறை கிழிந்தது. காதுக்குள் தண்ணீர் போகவே கூடாது என்று டாக்டர் சொல்லிவிட்டதால், அன்றோடு அவள் குளத்தை விட்டாள். அக்கா ஒரு பையோடு போய்க் கூப்பிட்டபோது, “அடிக்கிற கைதான் அணைக்கும்” என்று அம்மா தொலைபேசியில் சொல்லி, தங்கையை அவன் வீட்டிலேயே இருத்திவிட்டாள். அந்தப் பழமொழியைக் கண்டுபிடித்தவன் கட்டாயம் அடிக்கிறவனாகத்தான் இருந்திருப்பான் என்று அக்காவுக்குத் தோன்றும். அடிபட்டவளுக்குப் பழமொழி சொல்ல நேரம் ஏது?

போன மாதம் தங்கை குளியலறைக்குள் போய்த் தாழ் போட்டுக்கொண்டாள். கதவின் மேல்பாதி கண்ணாடி. அவன் முஷ்டியால் குத்தி உடைத்தான். தாழைத் தேடி உள்ளே தோள்வரை விட்ட கையை வெளியே இழுத்தபோது, சட்டத்தில் நின்ற ஒரு சில்லு முழங்கைக்குச் சற்று மேலே, கையின் உட்பக்கத்தை ஆழமாகக் கிழித்தது. தங்கைதான் துண்டால் இறுக்கிக் கட்டினாள், தங்கைதான் வண்டியைக் கூப்பிட்டாள். மருத்துவமனையில், நிலைக்கண்ணாடியைத் தூக்கும்போது வழுக்கிவிட்டது என்று அவன் சொன்னான். தங்கை தலையாட்டினாள். ரத்தக்குழாயைத் தைத்தார்கள், நரம்பைத் தைத்தார்கள். தைத்த நரம்பு உடனே வேலை செய்யாது. வெட்டுக்குக் கீழே உள்ள பாகம் பட்டுப்போகும். மேலே மிஞ்சிய நுனி, பழைய உறைக்குள் கொடி மாதிரி தடவித் தடவி, நாளுக்கு இரண்டு மூன்று மில்லிமீட்டர் கணக்கில் கீழே இறங்கி வர வேண்டும்.

அந்தக் கொடியை விரட்டி வளர்க்கத்தான் இந்த மருந்து. உடம்பே சுரக்கிற ஒரு வளர்ச்சிப் புரதத்தைக் கண்ணாடிக் குப்பியில் அடைத்திருந்தார்கள். தையலுக்குப் பக்கத்தில் வாரம் ஒன்றாகப் பன்னிரண்டு ஊசி. புது மருந்து என்பதால் அறுபது பேருக்குச் சோதனை. பாதிப் பேருக்கு மருந்து, மீதிப் பேருக்கு வெறும் உப்புத் தண்ணீர். யாருக்கு எது என்பது நோயாளிக்குத் தெரியாது, ஊசி போடும் பெரிய டாக்டருக்கும் தெரியாது. ஊசிக்குழலை நிரப்பி, உள்ளே இருப்பது தெரியாமல் காகிதம் சுற்றி அனுப்பும் ஒரே ஒரு ஆளுக்குத்தான் தெரியும். அந்த ஆள் அக்கா.

நோயாளி சொந்தக்காரன் என்றால் முன்கூட்டியே சொல்லி ஒதுங்கிக்கொள்ள வேண்டும் என்பது விதி. அக்கா சொல்லவில்லை. பட்டியலைப் பிரித்து அவன் எண்ணைத் தேடினாள். மருந்து என்றிருந்தது. உலகத்தில் எத்தனையோ கைகள் இருக்க, இந்தக் கைக்கா என்று குளிர்பெட்டிக்கு முன்னால் வெகுநேரம் நின்றாள். பாம்புக்குப் பால் வார்ப்பது என்று கேள்விப்பட்டிருக்கிறாள். அளந்து, வடிகட்டி, நான்கு டிகிரி குளிரில் பாதுகாத்து வார்க்க வேண்டியிருக்கும் என்று நினைத்ததில்லை.

இருந்தும் முதல் வாரம் ஒழுங்காகவே உருட்டினாள். இருபத்திரண்டு வருஷத்துப் பழக்கம், விரல்கள் அவள் பேச்சைக் கேட்கவில்லை. வீட்டுக்குப் போய்த் தன் கைகளையே பார்த்து ஒரு கெட்ட வார்த்தை சொன்னாள்.

அந்த ஞாயிற்றுக்கிழமை தங்கை வீட்டுக்குப் போனாள். வீடு புதிதாக இருந்தது. சாமான் எதுவும் மாறவில்லை, சத்தம்தான் மாறியிருந்தது. தங்கை பாட்டை முணுமுணுத்துக்கொண்டே பாத்திரம் எடுத்து வைத்தாள். குளியலறைக் கதவில் கண்ணாடி இருந்த இடத்தில் ஒரு பலகை அறைந்திருந்தது. அவன் சாப்பாட்டு மேசையில் இடது கையால் கரண்டி பிடிக்கக் கற்றுக்கொண்டிருந்தான். பாதி உணவு வாய்க்குப் போனது, பாதி மடிக்கு.

தங்கை தன்னை மறந்து சிரித்துவிட்டாள். “பக்கத்து வீட்டுப் பாப்பாவே இதைவிட நல்லா சாப்பிடும்” என்றாள்.

அவனும் சிரித்தான். கோபமே இல்லாமல், கொஞ்சலாகத்தான் சொன்னான். “சிரி, சிரி. எல்லாத்தையும் குறிச்சு வச்சிருக்கேன். கை வரட்டும்.”

தங்கையின் சிரிப்பு சட்டென்று நிற்கவில்லை. விசையை அணைத்த பிறகு மின்விசிறி சுற்றுமே, அப்படிக் கொஞ்சம் சுற்றி, மெதுவாகி, நின்றது.

சமையலறையில் அக்கா வழக்கம்போல அவளுடைய வலது பக்கமாகப் போய் நின்றுகொண்டு, இன்றைக்கே தன்னோடு வந்துவிடச் சொன்னாள். தங்கை தட்டைத் தேய்த்துக்கொண்டே, “இப்ப வேணாம்க்கா” என்றாள். எட்டு வருஷமாகக் கேட்ட பதில்தானே என்று அக்கா அதற்குமேல் வற்புறுத்தவில்லை.

இரண்டாவது குப்பியை அவள் வெள்ளைக் கோட்டின் பைக்குள் போட்டுக்கொண்டாள். மின்தூக்கியை விட்டுவிட்டுப் படியேறினாள். ஐந்து மாடி. ஒவ்வொரு படிக்கும் குப்பி தொடையில் மோதியது. முதல் மாடியைத் தங்கையின் காதுக்கென்று ஏறினாள். இரண்டாவது, அவள் விட்டுவந்த நீச்சல்குளத்துக்கு. மூன்றாவது அம்மாவின் பழமொழிக்கு. நான்காவது, மருத்துவமனையில் தங்கை ஆட்டிய அந்தத் தலையாட்டலுக்கு. ஐந்தாவது மாடியில் மூச்சு வாங்க நின்று, “கை வரட்டும்” என்று வாய்விட்டுச் சொன்னாள். அதே வேகத்தில் இறங்கினாள். பையிலிருந்து எடுத்தபோது குப்பியின் கழுத்துவரை வெள்ளை நுரை. மேசையில் வைத்துவிட்டுக் காத்திருந்தாள். நுரை ஒவ்வொரு குமிழாக உடைந்து அடங்கி, கடைசியில் யாரும் குறைசொல்ல முடியாத தெளிந்த நீராக நின்றது. குழலில் ஏற்றிக் காகிதம் சுற்றினாள். பதிவேட்டில் ‘முறைப்படி தயாரிக்கப்பட்டது’ என்று எழுதிக் கையெழுத்துப் போட்டாள்.

நரம்பு எதுவரை வந்திருக்கிறது என்று பார்ப்பவர் மேல்மாடியில் இருந்தார். கைப்பயிற்சி நிபுணர், வாயாடி மனிதர். அவருக்குத் தட்டல்காரர் என்று பேர். கண்ணை மூடச் சொல்லிவிட்டு, தையலிலிருந்து கீழ்நோக்கி விரல் நுனியால் தட்டிக்கொண்டே வருவார். நரம்பின் நுனி நிற்கும் இடத்தில் தட்டினால் கைநெடுக மின்சாரம் ஓடுகிற மாதிரி இருக்கும். “இங்க” என்று நோயாளி சொன்னதும் நீல மையால் ஒரு கோடு, பக்கத்தில் தேதி. இவர் தட்டினால்தான் கதவு திறக்கும் என்று நோயாளிகள் கேலி பேசுவார்கள்.

மூன்றாம் வாரமும் நான்காம் வாரமும் மாப்பிள்ளையின் கையில் கோடு நின்ற இடத்திலேயே நின்றது. ஐந்தாம் வாரமும் அதே கதைதான். பழைய கோட்டின் மேலேயே புதுக்கோடு போட்டுப் போட்டு அந்த இடம் ஒரு நீலத் தழும்பாகிவிட்டது என்று தட்டல்காரர் வருத்தப்பட்டார்.

அக்காவுக்கு அந்த மூன்று வாரம் போல ஒரு காலம் வாய்த்ததே இல்லை. பசித்துச் சாப்பிட்டாள். படுத்ததும் தூங்கினாள். குளிரறைக்குள் பாடினாள். ஊசி முடிந்து அவன் சன்னலுக்கு வரும்போதெல்லாம், “எப்படி இருக்கு மாப்பிள்ளை?” என்று அக்கறையாக விசாரித்து, பதில் சொல்ல அவன் வாய் கோணுவதை ஒரு இனிப்பைப் போல ருசித்தாள். ஒருமுறை அவன் குரலைத் தாழ்த்தி, தனக்கு வருவது வெறும் தண்ணீர்தானா, அதையாவது சொல்லக்கூடாதா என்று கெஞ்சினான்.

“விதி இருக்கே மாப்பிள்ளை. என் கையில என்ன இருக்கு?” என்றாள் அக்கா. அந்த வாக்கியத்தை அன்று முழுவதும் மனசுக்குள் சொல்லிப் பார்த்துக்கொண்டாள்.

ஆறாம் வாரம் கோடு நகர்ந்தது.

ஒரு விரல் அகலம். ஏழாம் வாரம் இன்னும் ஒன்று. அக்கா படிகளை இரண்டு முறை ஏறி இறங்கினாள், மூன்று முறை ஏறி இறங்கினாள். ஒன்பதாம் வாரம் கோடு முழங்கை மடிப்பைத் தாண்டியது. நரம்பு தானாகவே வளரும் என்பது அவளுக்குத் தெரியாததல்ல. மருந்து பின்னாலிருந்து தள்ளுகிற ஆள் மட்டும்தான், நடப்பது நரம்பின் சொந்தக் கால். ஆனால் வஞ்சம் வைத்தவளுக்குப் படித்ததெல்லாம் சமயத்தில் மறந்துபோகிறது. அவன் உடம்பு அவளைக் கேட்காமலே நடந்து வந்துகொண்டிருந்தது.

அதைவிடக் கொடுமை, வெளியூரிலிருந்து வந்த நாலு டாக்டர்களுக்குப் பெரிய டாக்டர் அவன் கையைக் காட்டிப் பெருமைப்பட்டது. இவருக்கு என்ன போகிறதென்று எனக்குத் தெரியாது, ஆனால் ஊகிக்க முடிகிறது என்றார். எல்லோரும் தலையசைத்தார்கள். செத்த மருந்துக்கு மாலை மரியாதை. அடுத்த படுக்கையில் ஒரு பேருந்து ஓட்டுநர் உட்கார்ந்திருந்தார். அவருக்கு உயிருள்ள மருந்தே போய்க்கொண்டிருந்தது, கோடுதான் அசையவில்லை. அவர் தன் கையையும் அந்தக் கையையும் மாறி மாறிப் பார்த்தார். அக்காவுக்கு அந்தப் பார்வை மட்டும் உறுத்தியது. அறுபது பேர் நடந்துவரும் பாதையில் தான் ஒரு பொய்யைத் தோண்டி வைத்திருப்பது உறுத்தியது. அதையும் அவன் கணக்கிலேயே எழுதிவிட்டு அறைக்குத் திரும்பினாள்.

தட்டல்காரர் மறுநாள் சன்னலுக்கே வந்து நல்ல செய்தி சொன்னார். முழங்கைக்குக் கீழே நாலு விரல் தூரம் கோடு இறங்கிவிட்டால் போதுமாம், விரல்களை மடக்கும் தசைகளுக்கு உயிர் வந்துவிடுமாம். விரல் நுனிக்கு உணர்ச்சி வர இன்னும் ஒரு வருஷம் ஆகும்.

“முதல்ல பிடி வரும், அக்கா. உணர்ச்சி அடுத்த வருஷம்தான்.”

முஷ்டி மூடும். எதன்மேல் விழுகிறது என்று அதற்குத் தெரியாது. அக்கா சன்னலைச் சாத்திவிட்டு அலமாரிகளின் நடுவே நின்றாள். நரம்பை வளர்க்க மருந்து இருப்பதுபோல, நரம்பை ஒரேயடியாகச் சாகடிக்கவும் மருந்து உண்டு. தீராத வலியில் துடிப்பவர்களுக்கு, வேறு வழியே இல்லாதபோது போடுவது. மேல்தட்டில், பூட்டுக்குள், சுண்டுவிரல் பருமனுள்ள குப்பிகளில் இருந்தது. அதுவும் தண்ணீர் மாதிரிதான் தெரியும். பூட்டைத் திறந்து ஒன்றை எடுத்துக் கோட்டுப் பைக்குள் போட்டுக்கொண்டாள். பதிவேட்டில், கீழே விழுந்து உடைந்தது என்று எழுதினாள்.

பதினோராம் வாரம், ஊசிநாளன்று காலை, அவன் மேலே தட்டல்காரரிடம் இருந்த நேரத்தில், சன்னலில் தங்கை வந்து நின்றாள். தோளில் ஒரு பை.

“மூணு விரல் வந்துடுச்சுக்கா” என்றாள்.

அக்காவுக்கு முதலில் புரியவில்லை. தங்கை தன் இடது கையை நீட்டி, முழங்கை மடிப்புக்குக் கீழே மூன்று விரல்களைப் பதித்துக் காட்டினாள். பிறகு, தண்ணீரில் இறங்கப் பயப்படும் குழந்தைக்குச் சொல்வதுபோல நிதானமாகச் சொன்னாள். தினமும் அவனைக் குளிப்பாட்டியது அவள்தான். நீலக்கோடு அழியக்கூடாதென்று அதன்மேல் பிளாஸ்டிக் தாள் சுற்றி ஒட்டிவிட்டுத்தான் தண்ணீர் ஊற்றுவாள். என்ன கரிசனம் பாரு என்று அவன் தெருவெல்லாம் சொன்னான். ஒவ்வொரு வாரமும் புதுக்கோட்டை விரலை வைத்து அளந்தாள். அந்தக் கோடுதான் அவளுக்கு நாள்காட்டி. தட்டல்காரரிடம் பேச்சோடு பேச்சாக, எதுவரை வந்தால் கை மூடும் என்று முதல் வாரமே கேட்டுவைத்திருந்தாள். அதற்குள் சான்றிதழ்களை ஒவ்வொன்றாக மருத்துவமனைப் பையில், அவனுடைய மருந்துச்சீட்டுகளுக்கு நடுவில் வைத்தே வெளியே கொண்டுவந்து தோழி வீட்டில் சேர்த்தாள். வேறொரு ஊர் நீச்சல்குளத்துக்கு எழுதிப் போட்டாள். தண்ணீருக்குள் இறங்காமல், கரையில் நின்று ஊதல் ஊதிச் சொல்லிக்கொடுக்கிற வேலை.

“அவங்க பதில் போடத்தான் லேட் ஆயிடுச்சு. நல்லவேளை, நடுவுல மூணு வாரம் கோடு அசையவே இல்ல. அது மட்டும் அசைஞ்சிருந்தா நான் மாட்டியிருப்பேன்க்கா.”

அது நான்தான் என்று சொல்ல அக்கா வாயைத் திறந்தாள். தான்தானா என்று அவளுக்கே தெரியவில்லை. நரம்புகள் யாரும் எதுவும் செய்யாமலே நிற்பதுண்டு, யாரும் எதுவும் செய்யாமலே நடப்பதுண்டு. வாயை மூடிக்கொண்டு, எந்த ஊர் என்று கேட்டாள்.

“இப்ப வேணாம்க்கா. உனக்குத் தெரிஞ்சா உன் மூஞ்சியில எழுதி ஒட்டியிருக்கும்” என்று தங்கை சிரித்தாள். எட்டு வருஷமாகக் கேட்டுவந்த அதே ‘இப்ப வேணாம்’. சன்னல் வழியாகக் கையை விட்டு அக்காவின் கன்னத்தைத் தொட்டுவிட்டு, திரும்பிப் பார்க்காமல் தாழ்வாரத்தில் நடந்துபோனாள்.

அன்றைக்கு அக்கா படியேறவில்லை. குப்பியை உள்ளங்கையில் வைத்து மெல்ல உருட்டினாள். கோட்டுப் பையிலிருந்த மற்றக் குப்பியை எடுத்து அலமாரியில் திரும்ப வைத்திருக்கலாம். உடைந்தது என்று எழுதியாகிவிட்டதே, எப்படி வைப்பது என்று தனக்குத்தானே சொல்லிக்கொண்டாள்.

பன்னிரண்டாம் வாரம் அவன் தனியாக வந்தான். தட்டல்காரரிடம் கோடு போட்டுக்கொண்டு, ஊசிக்குக் காத்திருக்காமல் சன்னலுக்கு இறங்கி வந்தான். தாடி வளர்ந்திருந்தது, தூளி இல்லை. ஏழு நாளும் அவன் எங்கெல்லாம் தேடினான் என்பது அக்காவுக்கு வந்துசேர்ந்திருந்தது. தோழிகள் வீடு, பேருந்து நிலையம், அம்மாவின் வீடு. கத்துவான் என்று எதிர்பார்த்தாள். கத்துகிறவனை எப்படி நடத்துவது என்று இருபத்திரண்டு வருஷத்தில் கற்றிருந்தாள். அவன் கத்தவில்லை.

அவள் எங்கே என்று உங்களைக் கேட்கமாட்டேன் என்றான். கேட்டாலும் சொல்லமாட்டீர்கள், அவள் உங்களுக்குச் சொல்லியும் இருக்கமாட்டாள், ஆனால் என்றைக்காவது உங்களிடம் பேசுவாள், அது எனக்குத் தெரியும் என்றான். வீட்டில் பிளாஸ்டிக் தாள் சுருள் பாதி மிச்சமிருந்ததாம். அதைக் கையில் வைத்துக்கொண்டு இரண்டு நாள் யோசித்திருக்கிறான். அவன் முட்டாள் இல்லை. எதற்காக ஒட்டினாள், எதை அளந்தாள் என்று எல்லாம் விளங்கிவிட்டது.

பேசிக்கொண்டே வலது கையைச் சன்னல் பலகையில் வைத்தான். நீலக்கோடு முழங்கைக்குக் கீழே நாலு விரல் அளவைத் தாண்டி ஐந்தாவதைத் தொட்டிருந்தது. விரல்கள் ஒவ்வொன்றாக, அவனுக்கே தெரியாததுபோல, மடங்கி, பலகையின் ஓரத்தைப் பற்றின. பலகையில் ஆணி ஒன்று துருத்திக்கொண்டிருந்தது. அது உள்ளங்கையில் குத்தி ஒரு துளி ரத்தம் எட்டிப் பார்த்தது. அவன் குனிந்து பார்க்கவில்லை, அவனுக்கு வலிக்கவில்லை.

கடைசி ஊசிக்குழல் மேசைமேல் காலியாக இருந்தது. அக்காவின் விரல்கள் கோட்டுப் பைக்குள் போய், அந்தச் சுண்டுவிரல் பருமனைத் தொட்டு நின்றன.

அவன் குனிந்து, சன்னல் கம்பிக்கு வெகு அருகே வாயைக் கொண்டுவந்தான். குரல் தழுதழுத்தது. நடிப்பா நிஜமா என்று அவளால் பிரிக்க முடியவில்லை.

“அவ பேசினா ஒண்ணே ஒண்ணு சொல்லுங்க அண்ணி. கடைசி ஊசியில ஏதோ தப்பாயிடுச்சாம், கை இனிமே வரவே வராதாம், பெரிய டாக்டரே கைவிட்டுட்டாராம்னு சொல்லுங்க. நீங்க சொன்னாத்தான் அவ நம்புவா, நம்பினா வந்துடுவா. எனக்காக இதை மட்டும் செய்வீங்களா, அண்ணி?”